கம்பைலருக்கு ஒரு வாய்ப்பூட்டு

2007 மே மாதம் லினக்ஸ் கெர்னலில் ஒரு வரி புதிதாகச் சேர்ந்தது. ஜிசிசி கம்பைலருக்கென்று இருக்கும் ஹெடர் ஃபைலில் எழுதப்பட்ட ஒரு மேக்ரோ அது. பெயர் 'அன்இனிஷியலைஸ்டு_வார்'. எந்த மாறியை அதனிடம் கொடுத்தாலும் அந்த மாறியை அதற்கே சமம் என்று எழுதிவிடும்: 'எக்ஸ் = எக்ஸ்'. இதனால் ஒரு கணக்கும் நடக்காது, ஒரு பைட்டும் இடம் மாறாது. கம்பைலர் இதற்காக ஒரு கட்டளையைக்கூட உருவாக்காது. "இந்த மாறிக்கு மதிப்பே கொடுக்கவில்லையே" என்று கம்பைலர் கேட்கக்கூடாது, அவ்வளவுதான் அதன் வேலை.

2020-இல் அந்த வரி கெர்னலிலிருந்து அழிக்கப்பட்டது. இடைப்பட்ட 13 ஆண்டுகளில் வைஃபை, ஹார்ட் டிஸ்க், கிளாக் சிப், நெட்வொர்க் என்று டிரைவர்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் அது குடியேறியிருந்தது. ஒரு வரி எப்படிப் பிறந்தது, யாரால் பரவியது, ஏன் விரட்டப்பட்டது என்பதைப் பின்தொடர்ந்து போனால், நிரல் எழுதுகிறவர்கள் எச்சரிக்கைகளோடு எப்படிக் குடும்பம் நடத்துகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

பழைய மிச்சம்

கதை சி மொழியில் தொடங்குகிறது. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி, வேகத்துக்காகச் சில பொறுப்புகளை நிரலரின் தலையில் கட்டியது. அதில் ஒன்று தொடக்க மதிப்பு. நிரல் முழுவதற்கும் பொதுவான மாறிகள் பூஜ்யத்தில் தொடங்கும் என்று மொழியே உறுதி தருகிறது. ஒரு ஃபங்ஷனுக்குள் அறிவிக்கும் சாதாரண மாறிகளுக்கு அந்த உறுதி கிடையாது. அவை ஸ்டாக் என்னும் நினைவகப் பகுதியில் இடம் பிடிக்கும். சற்று முன் ஓடி முடிந்த வேறொரு ஃபங்ஷன் அதே இடத்தில் எதை விட்டுச் சென்றதோ, அதுதான் புதிய மாறியின் மதிப்பு. 64-பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் கெர்னலின் ஒவ்வொரு பணிக்கும் 16 கிலோபைட் ஸ்டாக். அந்தச் சிறிய இடத்தையே ஆயிரக்கணக்கான ஃபங்ஷன்கள் மாறி மாறிப் பயன்படுத்துகின்றன.

சாதாரணச் செயலியில் இப்படியொரு தவறு நேர்ந்தால் செயலி நின்றுபோகும், மறுபடி திறந்துகொள்ளலாம். டிரைவரில் அப்படி இல்லை. டிரைவர் கெர்னலுக்குள் முழு அதிகாரத்தோடு ஓடுகிறது. பழைய மிச்சம் ஒரு சிப்பின் ரெஜிஸ்டருக்குப் போகலாம். கெர்னலின் ரகசிய நினைவகத்திலிருந்து சில பைட்டுகள் வெளியே இருக்கும் செயலிக்குக் கசியலாம். கெர்னலின் மொத்த வரிகளில் பாதிக்கும் மேல் டிரைவர்கள்தான் என்பதால் இது ஓரமாக ஒதுக்கிவிடக்கூடிய சங்கதி அல்ல.

ஓர் உதாரணம். இரண்டு ரகங்களில் வரும் ஒரு சிப்புக்கு டிரைவர் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஃபங்ஷனின் முதல் வரியில் 'இன்ட் ரெட்;' என்று ஒரு மாறியை அறிவிக்கிறோம். அதன் கீழே ஒரு ஸ்விட்ச். முதல் ரகம் என்றால் இன்னதைச் செய்து விளைவை ரெட்டில் போடு. இரண்டாம் ரகம் என்றால் மற்றதைச் செய்து விளைவை ரெட்டில் போடு. கடைசி வரியில் 'ரிட்டர்ன் ரெட்;'. இரண்டு ரகத்துக்கும் பிசகில்லாமல் ஓடும். மூன்றாம் ரகச் சிப் சந்தைக்கு வரும் நாளில் ஸ்விட்ச்சின் எந்தக் கிளையும் பொருந்தாது. ரெட்டில் இருப்பது ஏதோ ஒரு பழைய எண். கெர்னல் வழக்கப்படி பூஜ்யம் என்றால் வெற்றி, மைனஸ் எண் என்றால் பிழை. பழைய எண் தற்செயலாகப் பூஜ்யமாக இருந்துவிட்டால், சிப்பைத் தொடாமலேயே "எல்லாம் தயார்" என்று டிரைவர் மேலே சொல்லிவிடும்.

இதைப் பிடிக்கத்தான் கம்பைலர் எச்சரிக்கை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-இல் வெளியிட்ட ஜிசிசியைக் கொண்டுதான் 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தன் கெர்னலைக் கட்டினார். மதிப்பு இல்லாத மாறியைப் பயன்படுத்தினால் ஜிசிசி இரண்டு விதமாகச் சொல்லும். "இது நிச்சயம் மதிப்பில்லாதது" என்பது ஒன்று. "மதிப்பில்லாமல் இருக்கக்கூடும்" என்பது இன்னொன்று. 2012-இல் வந்த ஜிசிசி 4.7 இந்த இரண்டாவதைத் தனி விருப்பமாகப் பிரித்தது. தகராறு முழுக்க அந்த 'கூடும்' மேல்தான்.

எச்சரிக்கை ஏன் பொய்க்கிறது

ஒரு ஃபங்ஷனின் மேற்பகுதியில் 'கொடி உயர்ந்திருந்தால் எக்ஸுக்கு மதிப்பு கொடு' என்று இருக்கிறது. கீழே 'கொடி உயர்ந்திருந்தால் எக்ஸைப் பயன்படுத்து' என்று இருக்கிறது. இரண்டும் ஒரே நிபந்தனை, தவறுக்கு இடமில்லை என்று படிக்கிறவருக்குத் தெரியும். இடையில் வேறொரு ஃபங்ஷன் அழைக்கப்பட்டு அது கொடியை மாற்றியிருக்கலாமோ என்ற ஐயம் வந்தால், கம்பைலரால் இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துப் பார்க்க முடியாது. எச்சரித்துவிடும். எல்லா நிரல்களுக்கும் பிழையில்லாமல் இதைத் தீர்மானிக்கும் ஒரு முறை இருக்கவே முடியாது என்பது கணினி அறிவியலின் அடிப்படை முடிவு.

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்த ஆய்வை ஜிசிசி தனியாகச் செய்வதில்லை. நிரலை வேகமாக்கும் வேலையின் ஊடே கிடைக்கும் தகவலை வைத்துத்தான் 'கூடும்' என்கிறது. அதனால் வேகத்துக்கான அமைப்பை மாற்றினால் எச்சரிக்கைகள் மாறும், கம்பைலரின் பதிப்பை மாற்றினாலும் மாறும். நேற்று அமைதியாக இருந்த கோப்பு இன்று புலம்பும்.

எதிர்த்திசையிலும் பொய்க்கும். 2004-இல் ஜிசிசியின் பிழைப் பட்டியலில் 18501 என்ற எண்ணில் பதிவான குறை பிரசித்தம். ஒரு மாறிக்கு ஒரு கிளையில் மட்டும் 5 என்று மதிப்பு கொடுத்து, மறு கிளையில் ஒன்றும் கொடுக்காமல் விட்டால், "மறு கிளையில் மதிப்பு எதுவாகவும் இருக்கலாம், அதுவும் 5 என்றே வைத்துக்கொள்கிறேன்" என்று கம்பைலர் சுருக்கிவிடும். சுருக்கிய பிறகு மதிப்பில்லாத மாறி என்று ஒன்று மிஞ்சுவதில்லை, எச்சரிக்கையும் வராது. நிரலில் பிழை இருக்கும், எச்சரிக்கை இருக்காது. இந்த இரண்டு குணமும் சேர்ந்ததுதான் கெர்னல்காரர்களின் பொறுமையைச் சோதித்தது.

பிறப்பு

பொய் எச்சரிக்கைகளை அடக்க எளிய வழி, மாறிக்குத் தொடக்கத்திலேயே பூஜ்யம் கொடுத்துவிடுவது. 2007-இல் மேக்ரோவைக் கொண்டுவந்தவர்கள் அதை விரும்பவில்லை. மேக்ரோவும் மகிழ்ச்சியளிக்கும் தீர்வு அல்ல, ஆனாலும் இந்த எச்சரிக்கைகள் தாங்க முடியாத தொல்லை என்று ஒப்புக்கொண்டே மூன்று காரணங்களை எழுதிவைத்தார்கள். தேவையில்லாத பூஜ்யம் சில பைட்டுகளை வீணாக்கும். மேக்ரோவாக இருந்தால், நாளை ஜிசிசியில் இந்தத் தந்திரம் பலிக்காமல் போனாலும் ஒரே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம். உண்மையான பிழைகள் மறைந்துவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் மேக்ரோவை அணைத்துவிட்டுச் சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றும் நியாயமானவை. மூன்றாவது காரணத்தில் ஆபத்தும் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தெரியாமல் செய்த காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஜூலையில் வெளியான 2.6.22 பதிப்போடு மேக்ரோ உலகுக்குப் போனது. பின்னாளில் கிளாங் கம்பைலர் கெர்னலுக்குள் வந்தபோது, அதற்கும் கொஞ்சம் மாறிய வடிவில் ஒன்று எழுதப்பட்டது.

பரவிய விதம்

டிரைவர் எழுதுகிறவர் வெற்றுத்தாளில் தொடங்குவதில்லை. பக்கத்து டிரைவரைத் திறந்து, அதைப் பார்த்து எழுதுவார். கெர்னலில் ஒரு பழக்கம் பரவ அதுவே போதும். மேக்ரோவும் அப்படித்தான் கோப்புக்குக் கோப்பு போனது. சில இடங்களில் பக்கத்திலேயே 'ஜிசிசி, சும்மா இரு' என்ற பொருளில் குறிப்பு. வேறு சில இடங்களில் 'கம்பைலரைத் திருப்திப்படுத்த'. இந்த மாறி ஏன் பாதுகாப்பானது, எந்தப் பாதையில் மதிப்பு கிடைக்கிறது என்பதைக் குறிப்பு சொல்லாது. பேட்ச்களின் நடையைச் சரிபார்க்கும் 'செக்பேட்ச்' கருவிக்கும் இந்த மேக்ரோவை அடையாளம் காணக் கற்றுக்கொடுத்தார்கள். அவசரத்துக்கு வந்த தந்திரம் வழக்கமாகிவிட்டது.

தவறு எங்கே என்றால், அந்த மேக்ரோ ஒரு மனிதரின் ஒருநாள் தீர்ப்பை நிரந்தரமாக்கியது. அன்றைக்குப் படித்துப் பார்த்தவர் "எல்லாப் பாதையிலும் மதிப்பு கிடைக்கிறது" என்று முடிவு கட்டினார், அது சரியாகவும் இருந்தது. மூன்று ஆண்டு கழித்து வேறொருவர் அதே ஃபங்ஷனில் புதிய கிளை ஒன்றைச் சேர்க்கிறார். அந்தக் கிளையில் மாறிக்கு மதிப்பு கொடுக்க மறந்துவிட்டார். கம்பைலர் இப்போது உண்மையான பிழையைக் கண்டுபிடித்திருக்கும். ஆனால் அதன் வாயை முன்பே பூட்டியாகிவிட்டது. தீர்ப்பு சொன்னவர் ஒருவர், அதன் பலனை அனுபவிப்பவர் வேறொருவர்.

எச்சரிக்கையை அடக்குவதே குறிக்கோளானால் என்ன ஆகும் என்பதற்கு அதே காலத்தில் கெர்னலுக்கு வெளியே ஒரு பெரிய உதாரணம் நடந்துகொண்டிருந்தது. 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில், வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி ஓபன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தின் ரேண்டம் எண் பகுதியில் மதிப்பில்லாத நினைவகம் பயன்படுத்தப்படுவதாகக் குறை சொன்னது. குறையை நிறுத்த இரண்டு வரிகளை நீக்கினார்கள். அவற்றில் ஒன்றுதான் உண்மையான ரேண்டம் தகவலைக் கலந்துகொண்டிருந்த வரி. மிஞ்சியது பிராசஸின் எண் மட்டும். ஒரே வகைக் கணினியில், ஒரே சாவி அளவில், 32,768-க்கு மேல் வெவ்வேறு மறையாக்கச் சாவிகள் உருவாக வழியில்லாமல் போனது. 2008 மே மாதம் விஷயம் வெளியே தெரிந்தபோது உலகெங்கும் நிர்வாகிகள் சாவிகளை மாற்ற ஓடினார்கள். கருவி சொன்னதில் பொய்யில்லை. கேள்விக்குப் பதில் தேடாமல் கேள்வியை நிறுத்தியதுதான் வினையானது.

இழுபறி

கெர்னலுக்குள் எச்சரிக்கை பற்றிய மனநிலை ஊசலாடிக்கொண்டே இருந்தது. 2016 ஜூலையில் டோர்வால்ட்ஸ் 'கூடும்' எச்சரிக்கையை மொத்தமாக அணைத்தார். தான் பார்த்த ஒவ்வொன்றும் பொய் எச்சரிக்கை என்பதும், அந்தக் கூச்சலில் உண்மையான சிக்கல்கள் கண்ணில் படாமல் போகின்றன என்பதும் அவர் வாதம். ஆர்ன்ட் பெர்க்மன் என்ற மூத்த கெர்னல் நிரலர் மிச்சமிருந்த இடங்களை ஒவ்வொன்றாகச் சரிசெய்து, அதே ஆண்டு நவம்பரில் எச்சரிக்கையைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அமைதி நீடிக்கவில்லை. 2020 மே மாதம் ஜிசிசி 10 வந்தது, கூடவே ஒரு புது அலை பொய் எச்சரிக்கைகளும் வந்தன. எந்தப் பதிப்புக்கு எச்சரிக்கை, எந்த அமைப்புக்கு வேண்டாம் என்று அதுவரை சேர்ந்திருந்த விதிவிலக்குகளே ஒரு காடாக இருந்தன. டோர்வால்ட்ஸ் அந்த விளையாட்டை நிறுத்தினார். 'கூடும்' எச்சரிக்கை இயல்பாக வராது; வேண்டுகிறவர் 'டபிள்யூ=2' என்று கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இதில் ஒரு நன்மை விளைந்தது. எச்சரிக்கையே வராது என்றான பிறகு அதை அடக்கும் மேக்ரோவுக்கு என்ன வேலை?

வெளியேற்றம்

சில வாரங்களில் கீஸ் குக் வேலையைத் தொடங்கினார். கெர்னலின் பாதுகாப்பைப் பலப்படுத்தும் முயற்சிகளில் முன்னிற்பவர் அவர். மேக்ரோ உண்மையான பிழைகளை மூடி மறைக்கிறது, சம்பந்தமில்லாத வேறு எச்சரிக்கைகளையும் சேர்த்து அடக்குகிறது என்பது அவர் வைத்த வாதம். பெரும்பாலான இடங்களில் மேக்ரோவை உரித்தெடுத்து வெறும் மாறியாக்க, ஒரு சிறிய பெர்ல் கட்டளையே போதுமாக இருந்தது. 'ஜிசிசி, சும்மா இரு' வகைக் குறிப்புகளையும் அதே கட்டளை துடைத்தது. பிறகு எக்ஸ்86, ஆர்ம், பவர்பிசி, மிப்ஸ், எஸ்390 என்று பல கட்டமைப்புகளுக்கு ஜிசிசி 9.3-இல் கம்பைல் செய்து பார்த்தார். எச்சரிக்கை எதுவும் மிஞ்சவில்லை. ஒரு காலத்தில் தேவைப்பட்ட பூட்டுகளில் பெரும்பாலானவை அதற்குள் தேவையற்றுப் போயிருந்தன.

கையால் பார்க்க வேண்டியிருந்த சில டிரைவர்கள்தான் கதையின் சுவாரசியமான பகுதி. டாவின்சி சிப்களுக்கான எஸ்பிஐ டிரைவரில் 'ஆர்எக்ஸ்_பஃப்_கவுன்ட்' என்று ஒரு மாறி. மேக்ரோவை எடுத்ததும் கம்பைலர் ஒரு புதுச் செய்தி சொன்னது: இந்த மாறியை யாருமே பயன்படுத்தவில்லை. எக்ஸை எக்ஸுக்குச் சமமாக்கியதையே ஒரு 'பயன்பாடு' என்று கம்பைலர் எடுத்துக்கொண்டதால், உபயோகமற்ற மாறி ஒன்று டிரைவருக்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எஸ்டி நிறுவனச் சிப்களுக்கான கிளாக் டிரைவரிலும் இதே கதை. இரண்டு இடத்திலும் திருத்தம் ஒன்றுதான்: மாறியையே தூக்கிவிட்டார்கள்.

பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் டிரைவரில் நிலைமை வேறு. அங்கே சுட்டிக்கு 'நல்' என்று தொடக்க மதிப்பு கொடுத்தார். அத்தோடு நிற்காமல், எதுவும் கிடைக்காத பாதையில் குப்பையைச் சாதனத்துக்கு அனுப்பாமல் திரும்பிவிடவும் ஏற்பாடு செய்தார். பிராட்காம் வைஃபைக்கான பி43 டிரைவரில், அந்தப் பாதையை ஒருபோதும் எட்ட முடியாது என்று தெரிந்தும், 'நல்' கொடுத்துவிட்டு ஒரு நிபந்தனையையும் சேர்த்தார். இப்படி நான்கு டிரைவர்களைப் படித்தபோதே இரண்டு வகைப் பதில்கள் கிடைத்துவிட்டன. மேக்ரோ அத்தனைக்கும் ஒரே பதிலைத்தான் வைத்திருந்தது.

2020 அக்டோபரில் வெளியான 5.9 பதிப்பில் மேக்ரோ இல்லை. கெர்னலில் இனி பயன்படுத்தக்கூடாதவற்றைப் பட்டியலிடும் ஆவணத்தில் அதன் பெயர் ஏறியது. சில பைட்டுகள் வீணாகும் என்ற 2007-ஆம் ஆண்டின் கவலைக்கும் அங்கே பதில் இருக்கிறது: தேவையில்லாத பூஜ்யம் என்று வெளிப்படையாகத் தெரிந்தால், பெரும்பாலும் கம்பைலரே அதைக் கழித்துவிடும்.

அதற்குப் பிறகு

மேக்ரோ போனதால் பிழைகள் போய்விடவில்லை. கம்பைலர் பார்க்கவே முடியாத ஒரு வகை இருக்கிறது. மாறியின் முகவரியை வேறொரு ஃபங்ஷனிடம் கொடுத்து "இதில் மதிப்பை நிரப்பிக் கொடு" என்று கேட்பது. டிரைவர்களில் பாதி வேலை இப்படித்தான் நடக்கும். அந்த ஃபங்ஷன் நிரப்பித் தந்திருக்கும் என்று கம்பைலர் நம்பிக்கொள்ளும்.

யுஎஸ்பியில் செருகும் ஏசிக்ஸ் ஈதர்நெட் அடாப்டர்களின் டிரைவர் இதற்கு நல்ல பாடம். சாதனம் தயாரா என்று பார்க்க அது ஒரு பைட்டைப் படிக்கிறது. தயாராகாவிட்டால் 30 முறை வரை திரும்பக் கேட்கிறது. படிக்கும் முயற்சி தோற்றாலும் 'எஸ்எம்எஸ்ஆர்' என்ற மாறியைப் பார்த்து முடிவெடுக்கும் குறை அதில் இருந்தது. கூகுளின் சிஸ்பாட் என்ற தானியங்கிச் சோதனை இதைக் காட்டிக்கொடுத்தது. 2021 ஆகஸ்டில் திருத்தம் வந்தது: பிழை என்றால் மாறியைப் பார்க்காதே, மறுபடி முயல். டிசம்பரில் மறுபடி அதே இடத்தில் திருத்தம். ஏனென்றால் சாதனம் பிழை என்று சொல்லாமல், ஒரு பைட்டுக்குப் பதில் பூஜ்யம் பைட் அனுப்பினால்? பிழை இல்லை, மதிப்பும் இல்லை. கேட்ட அளவு வராவிட்டால் அதுவும் பிழையே என்று எழுதிய பிறகுதான் ஓட்டை அடைந்தது. தொடக்கத்திலேயே பூஜ்யம் போட்டிருந்தால் இரண்டு திருத்தமும் தேவைப்பட்டிருக்காது என்று தோன்றலாம். கருவியின் புகாரும் நின்றிருக்கும்தான். படிக்க முடியாமல் போனதை டிரைவர் கவனிக்கவில்லை என்ற குறை மட்டும் அப்படியே இருந்திருக்கும்.

இந்த வகைப் பிழைகளைக் கெர்னல் ஓடும்போதே பிடிக்கும் கேஎம்சேன் என்ற கருவி, 2022 டிசம்பரில் வெளியான 6.1 பதிப்பில் கெர்னலோடு சேர்ந்தது. அதற்கு முன்பே, மதிப்பு கொடுக்காத மாறிகளைக் கம்பைலரே பூஜ்யமாக்கிவிடும் வசதி கிளாங்கில் வந்துவிட்டது. 2022-இல் ஜிசிசி 12-லும் வந்தது. ஜிசிசி இதில் ஒரு நல்ல காரியம் செய்தது. மாறியைப் பூஜ்யமாக்கினாலும், நிரலர் மதிப்பு கொடுக்கவில்லை என்ற எச்சரிக்கையை நிறுத்துவதில்லை. விபத்தைத் தடுக்கிறது, கேள்வியையும் விடுவதில்லை. 2007-இன் மேக்ரோ செய்தது இதற்கு நேர் எதிர்: விபத்தை விட்டுவிட்டுக் கேள்வியை நிறுத்தியது.

இப்போது டிரைவர் நிரலில் முதல் பேட்ச் எழுத உட்காருகிற மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. "மதிப்பில்லாமல் பயன்படுத்தப்படக்கூடும்" என்ற எச்சரிக்கை வந்தால், உடனே மேலே போய் '= 0' என்று தட்டிவிடாதீர்கள். கெர்னலில் பூஜ்யம் என்றால் வெற்றி. மறந்துபோன ஒரு தோல்விப் பாதையை அந்தப் பூஜ்யம் வெற்றியாகக் காட்டிவிடும், அதன் பிறகு கம்பைலரும் வாய் திறக்காது. எந்தப் பாதையில் மதிப்பு விட்டுப்போகிறது என்று முதலில் தேடுங்கள். ஸ்விட்ச்சில் 'டீஃபால்ட்' கிளை இல்லையா, அதை எழுதி மைனஸ் 22 என்ற 'தவறான உள்ளீடு' பிழையைத் திருப்புங்கள். படித்த ஃபங்ஷன் பிழை சொல்லியதா, அதைச் சோதியுங்கள். மாறி தேவையே இல்லையா, தூக்கிவிடுங்கள். இவற்றில் எதுவும் இல்லை, எச்சரிக்கை பொய்தான் என்று உறுதியானால் தொடக்க மதிப்பு கொடுங்கள். ஏன் கொடுத்தீர்கள் என்பதை பேட்சின் விளக்கத்தில் இரண்டு வரி எழுதுங்கள். அடுத்து அந்த ஃபங்ஷனைத் திருத்த வருகிறவருக்கு அந்த இரண்டு வரிதான் உதவும்.